ஒன்பது வீடும் ஒரு நாற்காலியும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிற்பாடு எதை எதையோ கண்டுபிடித்தது. ஆனால் இவை எல்லாவற்றையும் விஞ்சிய கண்டுபிடிப்பு ஒன்று மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் தினமும் காலை பத்து முதல் மாலை ஆறு வரை நடந்துகொண்டிருக்கிறது என்பது நாட்டு மக்களில் பலருக்குத் தெரியாது. அங்கேதான் எங்கள் 'பூமிப்பந்து பணியாளர் சேவை பிரைவேட் லிமிடெட்' இருக்கிறது. வேதாசலமாகிய நான் அதன் கம்ப்ளையன்ஸ் தலைவர், அதாவது எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பவன். எனக்குக் கீழே யாரும் கிடையாது. இருந்தாலும் தலைவர்.

எங்கள் தொழில் எளிமையானது. கடல் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனிக்குப் பம்மலில் ஆள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இங்கே வந்து கம்பெனி பதிவு செய்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் வரி என்று ஒவ்வொரு ஜன்னலாக ஏறி இறங்கினால் ஆயுசு போய்விடும். ஆகவே, ஆளை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். வேலையை அவர்கள் கொடுப்பார்கள், வாங்குவார்கள், சரியில்லை என்றால் திட்டவும் செய்வார்கள். அந்த ஆளை 'பணியமர்த்துவது' மட்டும் நாங்கள். மாதம் முதல் தேதி பத்து மணிக்குள் சம்பளம் விழும். பிடித்தம் பைசா பிசகாது. சட்டம் எதைச் சொல்கிறதோ அதைச் செய்வோம். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகர மாட்டோம். எங்கள் ஊழியர்களில் ஒருவரைக்கூட நாங்கள் நேரில் பார்த்ததில்லை என்பதிலிருந்தே எங்கள் நடுநிலைமை விளங்கும்.

"வேதா, நாம முதலாளி இல்லப்பா. முதலாளியோட லெட்டர்பேட்" என்பார் எங்கள் எம்.டி. ராஜகோபால். இதை அவர் பெருமையாகத்தான் சொல்வார்.

இந்தக் கதையில் வரும் வாடிக்கையாளர் கம்பெனியின் பெயரை வெளியிட ஒப்பந்தத்தின் நாற்பத்தொன்றாம் ஷரத்து இடம் கொடுக்கவில்லை. குளிர்ப் பிரதேசம் என்பது வரை சொல்லலாம் என்று வக்கீல் அனுமதித்திருக்கிறார். அவர்கள் அலுவலக நாற்காலி செய்கிறவர்கள். சாதாரண நாற்காலி இல்லை. முதுகெலும்பைத் தாயைப் போல் தாங்கும் நாற்காலி. உட்காருகிறவரின் எடை, உயரம், மனநிலை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் திருகக் குமிழ் உண்டு. அதை வாங்கிய வெள்ளைக்காரர்கள் "இரண்டாவது குமிழைத் திருகினால் இடுப்பு இன்னும் வலிக்கிறதே" என்று எழுதுவார்கள். "முதலில் கீழே உள்ள குமிழை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், ஐயா" என்று பதில் போவது தென் சென்னையிலிருந்து. அப்படிப் பதில் எழுதுகிற ஒன்பது பேர் எங்கள் ஊழியர்கள். ஒன்பதில் முதல் இடம், பம்மல் வெண்ணிலாவுக்கு. மூன்று வருஷமாக வாடிக்கையாளர்கள் அவருக்கு ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைவாகப் போட்டதே இல்லை.

இத்தனை சிறப்பு மிக்க வெண்ணிலா, ஒரு வருஷத்துக்குள் எனக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றிலும் ஒரே விஷயம். தரையில் உட்கார்ந்து வேலை செய்வதால் முதுகுத் தட்டு விலகிவிட்டது, குரோம்பேட்டை டாக்டர் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார், ஆகவே தனக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

நான் அலட்சியமாக இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் மின்னஞ்சலை அன்றே கம்பெனிக்கு அனுப்பினேன். அவர்கள் கிடங்கில் நான்கு லட்சம் நாற்காலி இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு நாற்காலி அவர்கள் பெயரில் பம்மலில் இருந்தாலும், அவர்களுக்கு இந்தியாவில் 'நிரந்தர அலுவலகம்' இருப்பதாக ஆகிவிடுமாம். அலுவலகம் இருந்தால் லாபத்தில் நம் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். ஆகவே மன்னிக்கவும். இரண்டாவது மின்னஞ்சலை ராஜகோபாலிடம் கொண்டுபோனேன். "நாம சேர் வாங்கிக் குடுத்தா, நாமதான் வேலை வாங்கறோம்னு ஆயிடும். அப்புறம் லெட்டர்பேட்டுக்கு என்ன மரியாதை?" என்றார். மூன்றாவது மின்னஞ்சலில் வெண்ணிலா, "பரவாயில்லை சார், தவணையில் நானே வாங்கிக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள்" என்று எழுதியிருந்தார். பதறிப்போய்த் தடுத்தேன். தன் தளவாடத்தைத் தானே வாங்குகிறவர் ஊழியர் ஆக மாட்டார், ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவார்; பி.எஃப். போய்விடும். எல்லா நாட்டுச் சட்டங்களையும் அலசிய பிறகு, வெண்ணிலா நாற்காலி இல்லாமல் இருப்பதுதான் முழுக்க முழுக்கச் சட்டப்படியானது என்ற முடிவுக்கு வந்தோம். அந்தப் பதிலை நானே வரைந்தேன். இப்போது படித்தாலும் ஓர் எழுத்துக் குறை சொல்ல முடியாது.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருக்கையில், அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். உலகில் எந்த மூலையில் இருந்து வேலை செய்தாலும், ஊழியரின் வீட்டுப் பணியிடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று நேரலை வீடியோவில் பரிசோதிக்க வேண்டுமாம். முதுகு தாங்கும் நாற்காலி, மேசை, நல்ல வெளிச்சம், மன அமைதிக்கு ஒரு பச்சைச் செடி. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பரிசோதகர் அம்மையார் ஒருவர் அங்கிருந்தே பார்ப்பார். தேறாதவரை வேலையில் வைத்திருக்கக் கூடாது.

வரலாற்றில் முதல் முறையாக, எங்கள் ஊழியர் ஒருவரை நேரில் பார்க்கப் புறப்பட்டேன்.

வெண்ணிலாவின் வீடு பம்மலில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஒரே அறை, அதிலேயே அடுப்பு. பாதி இடத்தை அவர் அம்மா முத்தாலம்மாளின் மீன் அன்னக்கூடைகள் பிடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் கிரைண்டர். கிரைண்டரின் மூடி மேல் லேப்டாப். வெண்ணிலா நின்றபடி தட்டிக்கொண்டிருந்தார். திரையில் எட்டிப் பார்த்தேன். 'அன்புள்ள ஐயா, ஒரு நாளைக்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பது முதுகெலும்புக்கு நல்லதல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் நிப்பேன் சார். அப்புறம் அரை மணி நேரம் குப்புறப் படுத்துட்டு டைப் பண்ணுவேன்" என்றார். முகத்தில் புகார் எதுவும் இல்லை. தகவலாகத்தான் சொன்னார்.

முத்தாலம்மாள் டீயோடு வந்தார். அந்த வீட்டுக்குள் கால் வைத்தவர் யாரானாலும் டீ குடிக்காமல் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

"நீதான் மொதலாளியா சார்?"

"இல்லம்மா. முதலாளி வெளிநாட்டுல இருக்காங்க."

"வெளிநாட்டுக்காரங்கோ தாம்பரத்துல கீறாரு மொதலாளின்றாங்கோ, நீ வெளிநாட்டுல கீறாருன்ற. பொண்ணுக்கு இடுப்பு வுட்டுப்போச்சு. இன்னான்னு கேக்க ஒரு ஆளு வோணாவா?"

சட்டப்படி இது பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி. டீயைக் குடித்தேன்.

அலுவலகத்தில் அவசரக் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் நானும் ராஜகோபாலும். மற்ற எட்டுப் பேர் வீட்டிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஒருவர் கட்டில், ஒருவர் மாடிப்படி, பல்லாவரம் பிரிட்டோ சாப்பாட்டு மேசை, அதுவும் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில். நாற்காலி 'கொடுக்க' முடியாது. 'வாங்க' முடியாது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த ராஜகோபால் திடீரென்று எழுந்து நின்றார்.

"வேதா, என் பொண்ணு கல்யாணத்துக்கு அந்த ஸ்டேஜ் சேர் யாரோடது?"

"வாடகைக்கு எடுத்தது சார்."

"அவ்வளவுதான்பா!"

நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் மேசை நாற்காலி வாங்குகிறவர் உண்டா? ஷாமியானா கடைக்குச் சொல்லிவிட்டால் வந்து இறங்கும், மறுநாள் போய்விடும். வாடகைப் பொருள் யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமில்லாத பொருளால் எந்தச் சட்டமும் மீறப்படாது. பம்மலில் ஷாமியானா கடை வைத்திருக்கும் துலுக்காணத்தைப் பிடித்தேன்.

"செட்டாவே தர்றேன் சார். மேஜ, லைட்டு, செடி. செடி பிளாஸ்டிக்கு, ஆனா தண்ணி தெளிச்சா ஒரிஜினல் மேரியே இர்க்கும். சேருக்கும் நம்மகிட்ட ஐட்டம் கீது. ஓ.எம்.ஆர்ல ஒரு கம்பெனி மூடிக்கினு பூட்டான், ஏலத்துல எட்தேன். பட்டன் நெறிய கீது. எதுக்குன்னுதான் தெர்ல."

திட்டத்தை நான் தீட்டினேன். 'குட்டி யானை' என்கிற சின்னச் சரக்கு வண்டியில் செட்டை ஏற்றி, இரண்டு மணிக்குப் பம்மலில் வெண்ணிலா வீடு, பிறகு பல்லாவரம், குரோம்பேட்டை, அஸ்தினாபுரம், சேலையூர் என்று வரிசையாக ஒன்பது வீட்டிலும் இறக்கி ஏற்றுவது. இடையில் பயணத்துக்கு நேரம் வேண்டும் என்பதால் 'இணையக் கோளாறு' என்ற பெயரில் இடைவேளைகளும் போட்டுவைத்தேன். வரைபடத்தைப் பார்த்த ராஜகோபால் கண் கலங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளியன்று மீன் விலை போகாது என்பதால் முத்தாலம்மாளும் வீட்டில் இருந்தார். கூடைகளை வெளியே அடுக்கிவிட்டு, நாற்காலியை உள்ளே உருட்டினார் துலுக்காணம். அதைப் பார்த்ததும் வெண்ணிலா ஒரு நிமிடம் அசையவில்லை. அது அவர் கம்பெனி நாற்காலி. மூன்று வருஷமாகப் படத்தில் மட்டும் பார்த்த நாற்காலி. மெதுவாகப் போய் உட்கார்ந்தார். கை, பார்க்காமலே கீழே போய்க் குமிழை அரைச் சுற்றுத் தளர்த்தியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படிம்மா கீது?" என்றார் முத்தாலம்மாள்.

"வலிக்கலம்மா" என்றார் வெண்ணிலா.

எனக்கு என்னவோ போல இருந்தது. அலுவல் நேரத்தில் அப்படி இருக்கக் கூடாது என்பதால் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பரிசோதகர் அம்மையார் திரையில் தோன்றினார்; பதினைந்து நிமிடத்தில் வெண்ணிலா தேறினார். செட்டை வண்டியில் ஏற்றினோம். துலுக்காணம் கிளம்பிப் போய், பத்தே நிமிடத்தில் ரிவர்ஸில் திரும்பி வந்தார்.

"சார், பல்லாவரம் பக்கமே போவ முடியாது. சந்த!"

வெள்ளிக்கிழமை! பல்லாவரம் வெள்ளிச் சந்தை! பழைய ஃபிரிட்ஜிலிருந்து புறாக்குஞ்சு வரை விற்கும் அந்தச் சந்தை நாளில், அங்கே கட்டை வண்டிகூட நகராது. ஆறு நாட்டுச் சட்டங்களை மனப்பாடமாகச் சொல்லும் எனக்கு, பிறந்ததிலிருந்து பார்க்கிற சந்தை மறந்துபோனது.

"வெள்ளிகெழம அதுவுமா பல்லாவரத்துக்கு வண்டி வுட்றீங்களே, படிச்சவங்கதானே?" என்றார் முத்தாலம்மாள். பிறகு அவரே வழியும் சொன்னார். "சேரு போவலன்னா இன்னா, ஆளுங்கள இங்க வரச் சொல்லு."

எட்டுப் பேருக்கும் போன் போட்டேன். சந்து பொந்தெல்லாம் புகுந்து பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து சேர்ந்தார்கள். மூன்று வருஷமாக ஒரே கம்பெனியில் வேலை செய்தவர்கள், அன்றுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வரவேற்பில் மணமக்களோடு போட்டோ எடுக்க நிற்பது போலச் சந்தில் வரிசை நின்றது. வீடு மாறியதைக் காட்ட வேண்டும் அல்லவா? துலுக்காணம் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு மேடைத் திரையை மாற்றி மாற்றி மாட்டினார். சிவப்பு, நீலம், ஜரிகை வைத்தது, இரண்டு மயில் போட்டது. பழக்க தோஷத்தில் 'நல்வரவு' பலகையையும் மேலே தொங்கவிட்டுவிட்டார். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் வெண்ணிலா குனிந்து, அவரவர் உயரத்துக்கு நாற்காலியைத் திருகிக் கொடுத்தார். குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கும்.

எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். ஆனால் முத்தாலம்மாள் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை டீ இல்லாமல் விடுவாரா? எத்தனை சைகை காட்டியும் கேட்கவில்லை. பிரிட்டோவின் பரிசோதனை நடுவில் தம்ளரோடு திரைக்குள் வந்துவிட்டார்.

"இவர் யார்?" என்றார் அம்மையார் ஆங்கிலத்தில்.

"என் அம்மா" என்றார் பிரிட்டோ, உயிர் பிழைக்க.

ஒருவர் சொன்னபின் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த ஏழு பேருக்கும் டீ வந்தது. ஏழு பேருக்கும் அவரே அம்மா ஆனார். கடைசியாக வந்த சேலையூர் ஊழியருக்கு வயது ஐம்பத்திரண்டு. முத்தாலம்மாளுக்கு ஐம்பது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. ஒன்பது பேரின் நாற்காலியும் மிகச் சிறப்பு என்று முதல் பக்கம் பாராட்டியது. இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம். ஒன்பது பரிசோதனையும் ஒரே இணைய இணைப்பிலிருந்து வந்திருக்கிறது. நாற்காலியின் வரிசை எண் ஒன்று. செடி ஒன்று. தேநீர் கொண்டுவரும் பணிப்பெண் ஒருவர். எனவே ஒன்பது பேரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். வரவேற்புப் பலகை வேறு இருக்கிறது. ஆகவே, கம்பெனிக்குப் பம்மலில் ஒரு நிரந்தர அலுவலகம் இயங்குகிறது!

குளிர்ப் பிரதேசம் நடுங்கியது. இரண்டு கண்டங்களின் வக்கீல்கள் கூடினார்கள். உண்மையைச் சொல்லலாமா என்று ராஜகோபாலிடம் கேட்டேன். "சொன்னா காண்ட்ராக்ட் போயிடும். உன் வேலை, என் வேலை எல்லாம் போயிடும்" என்றார். எனக்கு மகன் காலேஜில் படிக்கிறான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எந்த ஷரத்திலாவது இருக்கிறதா என்று தேடினேன். நல்லவேளையாக இல்லை.

வக்கீல்கள் கண்டுபிடித்த தீர்வு சுலபமானது. அலுவலகம் என்று சந்தேகம் வந்த முகவரி ஒன்றுதான். அந்த முகவரிக்காரர் ஊழியர் இல்லை என்று ஆகிவிட்டால், அங்கே அலுவலகமும் இல்லை. "நாங்கள் யாரையும் நீக்கச் சொல்லவில்லை. அந்த முகவரி எங்களுக்குத் தேவையில்லை என்று மட்டும் சொல்கிறோம்" என்று கம்பெனி எழுதியது. "நாங்களும் யாரையும் நீக்கவில்லை. வாடிக்கையாளரின் தேவைப்படி நடக்கிறோம்" என்று ராஜகோபால் பதில் எழுதினார். இரு தரப்பும் ஒருவருக்கொருவர் நன்றி தெரிவித்துக்கொண்டன.

நீக்குவதற்குக் காரணம் வேண்டுமே? வெண்ணிலாவிடம் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பளிச்சென்று தோன்றியது. துலுக்காணத்தின் நாற்காலி துலுக்காணத்திடம் போய்விட்டது. நாற்காலி இருந்தபோது அது அலுவலகம். நாற்காலி போனபின் அது பாதுகாப்பற்ற வீடு. முதுகு தாங்கும் நாற்காலி இல்லாதவரை வேலையில் வைத்திருப்பது சட்ட விரோதம். காரணம் கிடைத்துவிட்டது: 'ஊழியரின் முதுகெலும்பு நலன் கருதி.'

வெண்ணிலாவை அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். முதல் முறையாக வந்தார். கடிதத்தை நீட்டினேன்.

படித்தார். "காரணம் சேர் இல்லைன்னு போட்டிருக்கு சார்."

"ஆமாம்மா."

"சேர் இல்லைன்னு எப்படி சார் ப்ரூவ் பண்ணுவீங்க?"

"இணைப்பு பாருங்க. மூணு தடவை நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

பக்கத்தைப் புரட்டினார். அவருடைய மூன்று மின்னஞ்சல்களும் இணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று முத்திரையோடு இருந்தன.

"இது நான் சேர் கேட்டு எழுதினது சார்."

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க" என்றேன். மனதாரச் சொன்னேன். சொன்ன பிறகு தண்ணீர் குடித்தேன்.

ஒப்பந்தப்படி, நீக்கப்படுகிறவர் கடிதத்தை முழுக்கப் படித்துப் பார்க்க நாற்பது நிமிடம் தர வேண்டும், தந்தோம். ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. அவரும் ஒவ்வொரு வரியாகப் படித்து, நான்கு பிரதியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்த நாற்பது நிமிடமும் வெண்ணிலா நின்றுகொண்டுதான் இருந்தார். என் மேசைக்கு எதிரே மூன்று நாற்காலி காலியாகக் கிடந்தது. வந்தவரை உட்காரச் சொல்ல வேண்டும் என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. சட்டத்தில் இல்லாததை நாங்கள் செய்வதில்லை.